நேர்மையான சூது

மகாபாரதத்தில் சகுனி உருட்டியது பொய்ப் பகடை. ஆகவே தருமன் தோற்றதற்கு நம்மிடம் சுலபமான சமாதானம் ஒன்று இருக்கிறது. பகடை மெய்யாகவே இருந்திருந்தால் அந்த ஆட்டம் தருமமாகியிருக்குமா? மத்தியதரைக் கடலோரத்தில், மொனாக்கோ என்ற சின்னஞ்சிறு நாட்டில் உள்ள மாண்டி கார்லோ சூதாட்ட மாளிகையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைத் தொல்லைப்படுத்துகிறது.

அங்கே சுழலும் ரூலெட் சக்கரத்தில் பூஜ்யம் முதல் 36 வரை 37 குழிகள். நீங்கள் பணம் வைத்த எண்ணில் உருண்டை விழுந்தால், வைத்த பணத்தோடு 35 மடங்கு சேர்த்துத் தருவார்கள். எல்லா எண்களிலும் ஒவ்வொரு நாணயம் வைத்துப் பாருங்கள். போவது 37, திரும்புவது 36. மிச்சமான அந்த ஒரு நாணயந்தான் மாளிகையின் பிழைப்பு. ஒளிவு மறைவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையனும் போட்டுவிடக்கூடிய கணக்கு!

ஆனால், அங்கே போய்க் கணக்குப் போட யாருக்கு மனம் வரும்? பாரிஸ் ஆபராவைக் கட்டிய கார்னியேயைக் கொண்டே 1879-இல் அங்கும் ஓர் இசையரங்கம் எழுப்பினார்கள். பொன் பூச்சும் சரவிளக்கும் பாட்டுமாக, வந்தவனை ராஜாவாக்கினார்கள். ராஜாவாகிவிட்டவன் சில்லறையை எண்ணுவானா? 1913 ஆகஸ்டில் ஒருநாள் உருண்டை தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. 'அடுத்தது சிவப்புத்தான்' என்று பணத்தைக் கொட்டினார்கள், இழந்தார்கள், மறுபடியும் கொட்டினார்கள். போன ஆட்டத்தைச் சக்கரம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆசைதான் நினைவில் வைத்துக்கொள்கிறது.

"விரும்பி வந்தவன் தோற்கிறான், எங்களுக்கு என்ன பாவம்?" என்று மாளிகைக்காரர்கள் கேட்கலாம். அதற்கு நான் பதில் தேட வேண்டியதில்லை. மொனாக்கோவின் சட்டமே சொல்லிவிட்டது: அந்நாட்டுக் குடிமக்கள் அங்கே சூதாடக் கூடாது! 1863-இல் பிளான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் சூதாட்ட உரிமையைக் கொடுத்த அரசர், 1869-இல் தம் குடிகளுக்கு நேர்முக வரிகளை ரத்துச் செய்தார். வருமானம் இனித்தது. ஆனால், அந்தப் பந்தியில் தம் பிள்ளைகளை உட்காரவைக்க நாட்டுக்குத் துணிவில்லை.

தன் மக்களைக் காத்தது தவறா? இல்லை. காக்கவேண்டிய ஆபத்து என்று தெரிந்த பிறகு, அயலானை விளக்கேற்றி வரவேற்றதுதான் தவறு. பகடை மெய்யாக இருந்தால் மட்டும் போதாது. நாம் விற்கும் பண்டத்தை நம் பிள்ளை கையில் கொடுப்போமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கடை வைத்திருப்பவரும், பேனா பிடித்திருக்கும் என்னைப் போன்றவர்களுங்கூட.