27-ஆம் சங்கீதமும் உள்ளத்தின் அச்சமும்

விவிலியத்தின் 150 சங்கீதங்களில் அச்சத்தைத் தொடுபவை பல. அவற்றுள் 27-ஆம் சங்கீதம் தன் அமைப்பால் தனித்து நிற்கிறது. 13, 22 ஆகிய சங்கீதங்கள் புலம்பலில் தொடங்கி நம்பிக்கையை எட்டுகின்றன. இதிலோ நம்பிக்கை முந்துகிறது, புலம்பல் பின்னால் வருகிறது. 14 வசனங்கள் கொண்ட இப்பாடல் தாவீதின் பெயரில் வழங்குகிறது. தாவீது அபிஷேகம் பெறுமுன் பாடியது என்று பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் தலைப்பு கூறும்.

முதல் ஆறு வசனங்களில் சங்கீதக்காரன் கர்த்தரை ஒளியாகவும் மீட்பாகவும் அரணாகவும் அறிக்கையிடுகிறான். தீயோர் நெருங்கினாலும், ஒரு படையே பாளயமிறங்கினாலும் தன் நெஞ்சு கலங்காது என்கிறான். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். இத்தனைக்கும் நடுவில் அவன் கேட்கும் வரம் ஒன்றே: வாழ்நாளெல்லாம் கர்த்தருடைய ஆலயத்தில் தங்கியிருப்பது. எதிரியின் தோல்வியை அவன் முதல் வேண்டுதலாக வைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஏழாம் வசனத்தில் குரல் மாறுகிறது. அதுவரை கர்த்தரைப் பற்றிப் பேசியவன், இப்போது கர்த்தரிடமே பேசுகிறான். படைக்கு அஞ்சாதவனின் உள்ளே கிடந்த அச்சங்கள் இங்கேதான் வெளிவருகின்றன. கடவுள் முகத்தை மறைத்துக்கொள்வாரோ, கோபத்தில் தள்ளிவிடுவாரோ என்று நடுங்குகிறான். பெற்ற தாயும் தகப்பனும் கைவிடும் நிலையைக்கூட எண்ணிப் பார்க்கிறான். அப்போதும் கர்த்தர் தன்னைச் சேர்த்துக்கொள்வார் என்று பற்றிக்கொள்கிறான். பொய்ச்சாட்சிகளின் பேச்சும் அவனைச் சுடுகிறது.

இந்தத் திடீர் மாற்றத்தால், இது இரு தனிப் பாடல்களின் இணைப்பு என்று ஆய்வாளர் சிலர் கருதினர். ஆனால் இரு பகுதிகளும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. முன்பு யுத்தம் எழும்பியது, பின்பு பொய்ச்சாட்சிகள் எழும்புகிறார்கள். முன்பு ஆலய வாசத்தை நாடியவன், பின்பு கடவுளின் முகத்தையே நாடுகிறான். ஆகவே ஒரே பாடலாக வாசிப்பதே பொருத்தம். அப்படி வாசித்தால், பின்பகுதியின் நடுக்கம் முன்பகுதியின் உறுதியைப் பொய்யாக்குவதில்லை. நம்பிக்கை ஊன்றிய பிறகே ஆழத்தில் கிடந்த அச்சத்தைச் சொல்லத் துணிவு பிறக்கிறது. அச்சத்தை அடக்கி மறைப்பது இப்பாடல் காட்டும் வழி அன்று. அதைக் கேட்பவர் ஒருவர் முன் பெயர் சொல்லி வைப்பதே அதன் வழி.

முடிவிலும் ஆபத்து நீங்கியதாக ஒரு சொல் இல்லை. மரித்த பின் அல்ல, உயிரோடிருப்போர் நாட்டிலேயே கர்த்தரின் நன்மையைக் காண்பேன் என்ற உறுதி மட்டும் இருக்கிறது. கடைசி வசனம் ஒருவரை நோக்கிக் கர்த்தருக்குக் காத்திருக்கும்படி இருமுறை சொல்கிறது. ஆசாரியர் அவனுக்குச் சொன்னது என்பாரும், அவன் தன் நெஞ்சுக்கே சொன்னது என்பாரும் உண்டு. அச்சமும் நம்பிக்கையும் கலந்து நிற்கும் காலத்துக்கு இது ஏற்றது என்பதால், பல யூத சமூகங்களில் எலுல் மாதத் தொடக்கம் முதல் கூடாரப் பண்டிகைக் காலம்வரை, நியாயத்தீர்ப்பின் நாட்களான புத்தாண்டும் பாவநிவிர்த்தி நாளும் உட்பட, இச்சங்கீதத்தை நாள்தோறும் ஓதுகிறார்கள்.