அனுப்பாத கடிதம்



"சுயம் சாகணும் என்று பிரசங்கம் பண்றீங்க. அப்புறம் தலைவனா இருக்கிறவன் தன்னை அறியணும் என்றும் சொல்றீங்க. சாகவேண்டியதை எதுக்கு ஐயா ஆராயணும்?" என்று வாலிபர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். தன்னைப்பற்றி யோசிப்பதே பெருமை என்று நினைத்து, அந்தப் பக்கமே போகாதவர்கள் நம்மில் அநேகர்.

எனக்குத் தெரிந்தவரையில், அறியாத சுயம் சாகிறதில்லை. அது ஊழியத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோபத்துக்கு வைராக்கியம் என்றும், பிடிவாதத்துக்கு விசுவாசம் என்றும் பேர் வைக்கும். பாடகர் குழுத் தலைவரானாலும், ஞாயிறு பள்ளி ஆசிரியையானாலும், வீட்டை நடத்துகிற தகப்பனானாலும் இது நடக்கும். அடிபடுகிறதோ அவர்களுக்குக் கீழே இருக்கிறவர்கள்தான்!

அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ஆபிரகாம் லிங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 1842-ல், அவர் வக்கீலாயிருந்த நாட்களில், ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற மாநில அதிகாரியைக் கேலிசெய்து, வேறு பேரில் பத்திரிகைக்கு எழுதினார். ஷீல்ட்ஸ் அவரைச் சண்டைக்கு அழைத்துவிட்டார். இருவரும் வாள் யுத்தம் பண்ண மிசிசிப்பி நதியிலுள்ள ஒரு தீவு வரைக்கும் போய்விட்டார்கள். கூட இருந்தவர்கள் சமாதானம் பண்ணியதால் இரத்தம் சிந்தாமல் திரும்பினார்கள்.

21 வருஷம் கழித்து, உள்நாட்டு யுத்தத்தின் நடுவில் அதே மனிதரைப் பாருங்கள். 1863 ஜூலை முதல் மூன்று நாள் கெட்டிஸ்பர்க்கில் நடந்த யுத்தத்தில் தளபதி மீட் ஜெயித்தார். ஆனால் தோற்ற சேனை பொட்டோமாக் நதியைக் கடந்து தப்பிப் போயிற்று. லிங்கனுக்கு மனசு ஆறவில்லை. ஜூலை 14-ந் தேதி மீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கைக்கு எட்டிய சேனையை மடக்கியிருந்தால் யுத்தமே முடிந்திருக்குமே என்ற வேதனையெல்லாம் அதில் இருந்தது. ஆனால் அதில் கையெழுத்துப் போடவில்லை, அனுப்பவும் இல்லை. அப்படியே உறையிலிட்டு, அனுப்பாத கடிதம் என்று மேலே குறித்து வைத்துவிட்டார். மீட் யுத்தம் முடியும்வரை அந்தச் சேனைக்குத் தளபதியாகவே இருந்தார்.

அதற்கு முந்தின நாள்தான் லிங்கன் தளபதி கிராண்டுக்கு வேறொரு கடிதம் எழுதியிருந்தார். விக்ஸ்பர்க் பட்டணத்தைப் பிடிக்க கிராண்ட் போன வழி தப்பு என்று லிங்கன் நினைத்திருந்தார். ஆனால் ஜூலை 4-ல் பட்டணம் பிடிபட்டது. கிராண்ட் செய்ததே சரி, தன் எண்ணம்தான் தவறு என்று ஒளிக்காமல் எழுதினார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது.

பிறர் குற்றத்தைச் சொன்ன கடிதம் தங்கிவிட்டது. தன் தவறைச் சொன்ன கடிதம் போயிற்று. நம்மிடத்தில் எது சீக்கிரம் போகிறது, பிரியமானவர்களே?

அப்படியானால் தலைவன் கண்டிக்கவே கூடாதா? கண்டிக்கத்தான் வேண்டும். ஜனாதிபதிக்குத் திருப்தியில்லை என்று ஹாலெக் என்ற மேலதிகாரி மீட்டுக்கு ஏற்கெனவே தந்தி கொடுத்திருந்தார். மீட் மனம் நொந்து, தன்னைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் கேட்டுவிட்டார். சொல்லவேண்டியது சொல்லியாயிற்று. அதற்குமேல் அந்தக் கடிதமும் போயிருந்தால் மீட் திருந்துவதற்கு ஒன்றுமில்லை, லிங்கனின் மனபாரம் மட்டும் இறங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

தன்னை அறிகிறது என்று நான் சொல்வது இதைத்தான். இந்த வார்த்தை அவரைச் சீர்ப்படுத்தவா, என் ஆத்திரத்தைத் தீர்க்கவா? இதற்கு உண்மையான பதில் சொல்லத் தெரிந்தவனிடத்தில் பத்துப் பேரை ஒப்படைக்கலாம். எந்தச் சுயம் சாகவேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்; அதைப் பேர் சொல்லியே ஜெபத்தில் ஒப்புக்கொடுப்பான்.

இந்த வாரம் இரண்டு காரியம் செய்து பாருங்கள். கோபம் வந்தால், சொல்ல நினைத்ததை ஒரு தாளில் எழுதி, ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் படித்துப் பாருங்கள். உங்களோடு வேலை செய்கிற ஒருவரிடம், "என்கிட்ட உங்களுக்குக் கஷ்டமா இருக்கிறது என்ன?" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே நியாயம் பேசாதிருங்கள். முழுவதையும் கேளுங்கள். கேட்டதை வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று யோசியுங்கள்.