முதுமை யாருடையது?

பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார் என்று கொள்ளலாம். அவர் வீட்டுக் கூடத்தின் மூலையில் 2012-ஆம் ஆண்டு வாங்கிய கணினி ஒன்று இருக்கிறது. வாங்கிய நாளில் அதன் நினைவகம் நான்கு கிகாபைட். அன்று அது தாராளம். இன்றோ, பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்று தேநீர் கலக்கிக்கொண்டு திரும்பினாலும் திரை முழுமையாக விழித்திருப்பதில்லை. கோலாலம்பூரிலிருந்து வரும் மகன், "தூக்கிப் போடுங்கள், அப்பா, புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன்" என்கிறான். பழுது பார்க்கும் கடைக்கார இளைஞனோ, "இன்னொரு நான்கு கிகாபைட் போட்டால் போதும், ஐயா, இன்னும் சில வருடம் ஓடும்" என்கிறான். இருவர் பேச்சுக்கும் தலையசைத்துவிட்டு, ஆசிரியர் இரண்டு மாதமாக ஒன்றும் செய்யாமல் இருக்கிறார்.

இது கடைத்தெருச் சிக்கல்தானே, இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றும். இருநூறு வெள்ளியா, இரண்டாயிரம் வெள்ளியா என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால் அப்படிக் கேட்பது சரியே. ஆனால் ஒரு பொருளைப் பழையது என்று எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிப்பது? அந்த அளவுகோலை யார் கையில் கொடுத்திருக்கிறோம்? ஆசிரியரின் தயக்கம் கஞ்சத்தனத்தால் வந்ததன்று. இக்கேள்விகளுக்கு விடை தெரியாததால் வந்தது.

முதலில் நினைவகம் என்பது இன்னதென்று தெளிதல் வேண்டும். மாணவரின் பயிற்சி ஏடுகளைத் திருத்தும் ஆசிரியருக்கு மேசை ஒன்றும் அலமாரி ஒன்றும் உண்டு. மேசைமேல் இருப்பதைக் கைநீட்டி எடுக்கலாம். அலமாரியில் இருப்பதை எழுந்து சென்றுதான் எடுக்க வேண்டும். கணினியின் நினைவகம் மேசை, வன்தட்டு அலமாரி. மேசை நிறைந்துவிட்டால் சில ஏடுகளை அலமாரியில் வைத்துவிட்டு வேறு சிலவற்றை எடுத்து வரவேண்டும். வேண்டியவை மேசையின் அளவை மிஞ்சும்போது திருத்துவதைவிட நடப்பதே வேலையாகிவிடுகிறது. இந்த நடை எவ்வளவு நீண்டது என்பதைப் பலர் அறியார். நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவு நேரம் ஆகும். சுழலும் வன்தட்டில் தேடி எடுக்கவோ நொடியின் நூற்றில் ஒரு பங்கு வேண்டும். மேசையில் எடுப்பது ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், அலமாரிக்குப் போய்வர ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் செல்லும்! ஆகவே கடைக்கார இளைஞன் சொன்னதில் பொருள் இருக்கிறது. மேசையைப் பெரிதாக்கினால் நடை குறையும்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மேசை சுருங்கவில்லையே! 2012-இல் இருந்த நான்கு கிகாபைட் இன்றும் நான்கு கிகாபைட்தான். நினைவகச் சில்லில் தேய்வதற்கு அசையும் உறுப்பு எதுவும் இல்லை. தூசி படிந்து காற்றாடி அடைபட்டால் சூட்டினால் சற்றுத் தளரும் என்பது வேறு செய்தி. தூரிகை கொண்டு துடைத்தால் அது தீரும். மற்றபடி அக்கணினி, வாங்கிய நாளில் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனையை இன்றும் போடுகிறது. மாறியது கணினியன்று, அதனிடம் கேட்கப்படுவது. ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்தால் செய்தியோடு விளம்பரமும், அசையும் படமும், படிப்பவரை உளவு பார்க்கும் நிரலும் சேர்ந்து வந்து மேசைமேல் அமர்கின்றன. அவற்றை ஆசிரியர் அழைக்கவில்லை. அழையா விருந்தினர் கூட்டம் பெருகிவிட்டதென்பதற்காக வீட்டையே கிழம் என்று பழிக்கலாமா?

இக்குறை புதிதன்று. பாஸ்கல் என்னும் கணினி மொழியை ஆக்கிய சுவிஸ் நாட்டு அறிஞர் நிக்லாஸ் விர்த், வன்பொருள் விரைவடைவதைக் காட்டிலும் வேகமாக மென்பொருள் மந்தமடைகிறது என்பதை 1995-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். 1969-இல் மனிதனை நிலவில் இறக்கிய அப்பல்லோ கலத்துக் கணினியில் அழித்து எழுதத்தக்க நினைவகம் 2,048 சொல் அளவே. இன்றைய கணக்கில் சுமார் நான்கு கிலோபைட். ஆசிரியரின் 'போதாத' நினைவகம் அதைப்போலப் பத்து இலட்சம் மடங்கு! இந்த ஒப்பீடு முழு நியாயமானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பல்லோ கணினி தனக்கென வரையறுத்த சில வேலைகளை மட்டுமே செய்தது. வண்ணப்படம் காட்டவில்லை, பாட்டும் பாடவில்லை. ஆனால் வேலை இன்னதென்று வரையறுத்த இடத்தில்தான் போதும், போதாது என்ற சொற்களுக்குப் பொருள் உண்டு என்பதை அது காட்டிவிடுகிறது.

மகன் கட்சிக்கும் வலுவுண்டு. அக்கணினியில் ஓடும் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அதன் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்றுவதற்கு வகுத்த தகுதிகளில் 2012-ஆம் ஆண்டுச் செயலி அடங்காது. நினைவகத்தை இரட்டித்தாலும் இத்தடை நீங்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியை வலையில் இணைத்து வைத்திருப்பது, பூட்டில்லாத வீட்டில் குடியிருப்பது போன்றது. திருடன் புகுந்தால் இழப்பு வீட்டுக்காரரோடு நில்லாது. அவர் முகவரி ஏட்டில் உள்ள நண்பர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் அவர் பெயரிலேயே வஞ்சக மடல்கள் போகலாம். ஆகவே, "என் பொருள், என் விருப்பம்" என்னும் வாதம் இங்கே முழுமையாகச் செல்லாது. பழையதை வைத்துக்கொள்வதே உயர்ந்த குணம் என்று கருதுவோர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிக்கனத்திலும் ஒருவகைச் செருக்கு உண்டு; பிறர் காத்திருக்கும் நேரத்தை அது கணக்கில் சேர்ப்பதில்லை.

மகன் தன் கட்சிக்கு நன்னூலாரையும் துணைக்கு அழைக்கக் கூடும். தமிழ் படித்த வீடுகளில் அது வழக்கம். காலப்போக்கில் மொழியில் பழையவை நீங்குவதும் புதியவை சேர்வதும் குற்றமாகா என்றுதான் பவணந்தியார் இலக்கணம் செய்தார். பழையதாயின் நீக்கியே ஆகவேண்டும் என்று அவர் எங்கும் கட்டளையிடவில்லை. அனுமதியைக் கட்டளையாகப் படிப்பது வணிகருக்கு நல்லது, மாணவருக்கு நல்லதன்று.

தூக்கிப் போடுதல் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எங்கே போடுவது? 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்கு அளவே என்றும் ஐக்கிய நாடுகள் சார்பில் வெளியான அறிக்கை கூறுகிறது. சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல், விற்றவர்களே பழைய கருவிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைச் சட்டம் சுமத்தியிருக்கிறது. நல்ல ஏற்பாடே. எனினும் ஒரு சில்லை உருவாக்கச் செலவான நீரும் மின்சாரமும் மனித உழைப்பும் எந்தத் தொட்டியில் போட்டாலும் திரும்புவதில்லை. அந்த உழைப்பு மலேசியருக்கு அந்நியமானதன்று. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் அமைந்தது முதல், மூவினத்து இளம்பெண்களும் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, மயிரிழையினும் மெல்லிய பொற்கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தனர். அந்தக் கண்களின் களைப்பும் இத்தகைய கருவிகளின் விலையில் சேர்ந்ததுதான். விலைச்சீட்டில்தான் அதற்கு இடமில்லை.

அப்படியானால் நினைவகத்தைச் சேர்த்துவிடலாமா? அதற்கும் ஒரு மறுப்பு உண்டு. அக்கணினி ஏற்கும் டிடிஆர்3 வகைச் சில்லு புதிய கணினியின் பொருத்துவாயில் பொருந்தாது. இன்று போடும் பணம் அப்பெட்டியோடு முடிந்துவிடும். போதாக்குறைக்கு, 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் பெரும்பசியால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. இவற்றைவிட முக்கியமானது இன்னொன்று. மேசை பெரிதானால் அதன்மேல் பரப்புவதும் பெரிதாகும். எட்டுப் பக்கங்களைத் திறந்து வைத்தவர் பதினாறு திறப்பார். இரண்டு ஆண்டுகளில் மீண்டும் அதே தேநீர், அதே காத்திருப்பு.

இவ்வளவையும் எண்ணிக்கொண்டிருந்த ஆசிரியர், தம் கணினியில் தாம் உண்மையில் செய்யும் வேலை என்னவென்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். செய்தி படிப்பதும் காணொளி பார்ப்பதும் கைப்பேசிக்குப் போய் நெடுநாளாயிற்று. மிஞ்சியது ஒரே வேலை. தோட்டப்புறச் சொற்களை அவர் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறார். பெரட்டு, ஆயக்கொட்டகை, லயம், பால்மரம், ஒட்டுப்பால் என்று ஒவ்வொரு சொல்லாக, அதைச் சொன்ன முதியவரின் விளக்கத்தோடு தட்டெழுதி வைத்திருக்கிறார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரப்புறங்களுக்குப் பெயர்ந்தபின் அச்சொற்களைச் சொல்ல வாய்கள் குறைந்து வருகின்றன. விளக்கம் சொன்னவர்களில் பலர் இன்று இல்லை. அத்தொகுப்பின் முற்பகுதி, ஒருங்குறி பரவுவதற்கு முந்திய எழுத்துருக் குறியீட்டில் இருக்கிறது. அந்த எழுத்துருவை உடன் கொண்டு செல்லாமலோ, மாற்றித் தரும் செயலியில் இட்டுப் பெயர்க்காமலோ புதிய கணினியில் திறந்தால், ஒட்டுப்பால் என்ற சொல் இருந்த இடத்தில் பொருளற்ற உரோமன் குறிகளே தெரியும்.

இவ்வேலைக்கு நான்கு கிகாபைட் போதும். மிகுதி என்றும் சொல்லலாம். ஆனால் தாளில் அதை எழுதியபோதுதான் வேறொன்று அவருக்கு உறைத்தது. நினைவகத்தில் உள்ளவை மின்சாரம் நின்ற கணமே மறைந்துவிடும். சொற்கள் வாழ்வது அலமாரியில், அதாவது சுழலும் வன்தட்டில். நினைவகத்தைப் போலன்றி, வன்தட்டில் அசையும் உறுப்புகள் உண்டு; அது தேயும்; ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகச் சுழன்ற தட்டு அது. அத்தொகுப்புக்கு வேறு படி எங்கும் இல்லை. மகனும் கடைக்கார இளைஞனும் ஆசிரியரும் இரண்டு மாதமாக மேசையின் அகலத்தைப் பற்றியே வாதாடினர்; அலமாரி செல்லரிப்பதை மூவரும் கேட்கவில்லை. வேகம் குறைந்தால் எரிச்சல் உடனே தெரிகிறது. அழிவோ நடக்கும்வரை ஓசை எழுப்புவதில்லை.

மறுநாள் அவர் கடைக்குச் சென்றார். "நான்கு கிகாபைட் எடுத்து வைக்கவா, ஐயா?" என்று இளைஞன் கேட்டான். "அது பிறகு பார்க்கலாம், தம்பி. வெளியே வைத்துக்கொள்ளும் தட்டு இரண்டு கொடு" என்றார். ஒன்று வீட்டிற்கு, மற்றொன்று கோலாலம்பூரில் மகன் வீட்டிற்கு. அன்று மாலை கணினியின் வலை இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொகுப்பின் முதல் கோப்பைத் திறந்து, இரண்டு தட்டுகளிலும் படியெடுத்தார். பிறகு, பெயர்க்க வேண்டிய பழைய பக்கங்களை எண்ணத் தொடங்கினார். மேசையைப் பெரிதாக்கும் பேச்சை மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது எடுத்துக்கொள்வதாக இருக்கிறார்.