பொம்மை ஊரில் ஒரு தறி

அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-இல் இந்தியன் டிராம்வே கம்பெனி ரயில் விட்டது. பாதையின் அகலம் 3 அடி 6 அங்குலம். பின்னால் அது மீட்டர் கேஜ் ஆயிற்று, இன்று அகலப்பாதை. அந்த மீட்டர் கேஜ் காலத்தை என் நண்பர் ஒருவர் மேஜைமேல் 87-இல் ஒரு பங்காகக் குறுக்கி அமைத்து வருகிறார். அதில் வளர்ந்த ஆள் 2 சென்டிமீட்டர் உயரம். எஞ்சினில் ஓர் ஆணி இடம் மாறிவிட்டால் மனிதருக்கு அன்றிரவு தூக்கம் வராது.

ஸ்டேஷன் பக்கம் வெறிச்சென்று இருக்கிறதாம். புகைபோக்கியோடு ஒரு சின்னத் தொழிற்கூடம் வைக்க ஆசை. "நீர் ஓரிக்கைக்காரர் ஆயிற்றே, சொல்லும்" என்றார்.

காஞ்சியின் தொழிலுக்குப் புகைபோக்கி ஏது? அது வீட்டுக்குள்ளே, குழித்தறியில் நடந்தது. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டார்கள். ஆகவே, "ஒரு வீட்டின் முன்சுவரை எடுத்துவிட்டுத் தறியைக் காட்டும்" என்றேன்.

அங்கேதான் சங்கடம் பிறந்தது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் பல வீடுகளில் ஒரு சிறுவன். அவனை வைப்பதா, விடுவதா?

"பார்க்க வருகிறவர்கள் சந்தோஷப்பட வருகிறார்கள். அவர்கள் மனத்தை ஏன் நோகச் செய்ய வேண்டும்?" என்றார் நண்பர்.

நியாயமான கேள்விதான். கொலுவில் செட்டியார் பொம்மை அரிசி பருப்போடு வீற்றிருக்கிறது. அவருடைய கடன் பத்திரத்தை யாரும் பக்கத்தில் வைப்பதில்லை. கொலு மங்களத்தை வேண்டி வைப்பது. நண்பரின் ரயிலோ, 'இப்படித்தான் இருந்தது' என்று சாட்சி சொல்கிறது. ஆணிக்குக் காட்டிய நேர்மையை அந்தப் பையனுக்கு மறுத்தால், இரும்புக்கு உள்ள மரியாதை மனிதனுக்கு இல்லை என்று ஆகிவிடும்.

வைத்தாலும் ஓர் ஆபத்து உண்டு. விரல்நுனி அளவுப் பையனைப் பார்த்து, "அடடா, எவ்வளவு அழகு!" என்பார்கள். துன்பத்தைச் சிறிதாக்கினால் அது அழகாகிவிடுகிறது. கதை எழுதுகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்று: அவன் இழந்ததையும் அதே அளவில் அருகே வைத்துவிட வேண்டும். அடுத்த தெருவில் ஒரு பள்ளிக்கூடம். வாசலில் அவன் வயதுப் பிள்ளைகள். பார்க்கிறவர் கண் அங்கும் இங்கும் போய்வரட்டும்.

அவன் முற்றிலும் பழங்கதையும் ஆகிவிடவில்லை. பதினான்கு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு சின்ன வாசலையும் அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது.

போன காலத்தைத் திரும்பக் கட்டுகிறவன் தனக்குப் பிடித்ததை மட்டும் கட்டினால், அதற்கு ஆசை என்று பெயர். ஆசைப்படுவது குற்றமில்லை. அந்த ஆசைக்கு ஓர் ஊரின் பெயரையும் ஓர் ஆண்டின் எண்ணையும் எழுதி மாட்டுவதுதான் குற்றம்.