வலிக்காது என்று சொல்லலாமா?

குழந்தைகளிடம் நாம் சொல்லும் பொய்களுள் மிகவும் சாதாரணமாகிவிட்ட பொய் ஒன்று உண்டு. டாக்டரிடம் அழைத்துச் செல்லும்போது, "ஊசி போடமாட்டாங்க வாப்பா, போட்டாலும் வலிக்காது" என்று சொல்கிறோமே, அதுதான். இப்படிச் சொல்லும் தாய் கெட்டவள் அல்லள். பிள்ளையின் கண்ணீரைக் காணச் சகியாதவள். ஆயினும், அன்பினால் சொன்னதால் ஒரு பொய் பொய்யல்லாமல் போய்விடுமா என்பதைச் சற்றே சிந்தித்துப் பார்ப்பது நம் கடமையாகும்.

டாக்டரையும் ஊசியையும் தவிர்த்து இன்று ஒரு பிள்ளை வளர்வதற்கில்லை. பிறந்தவுடனேயே காசநோய்க்கும் கல்லீரல் அழற்சிக்குமான தடுப்பூசிகள் தொடங்கிவிடுகின்றன. சிங்கப்பூரில் தொண்டை அடைப்பான், தட்டம்மை ஆகிய இரு நோய்களுக்கும் தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயம். மலேசியாவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசி போடப் பள்ளிக்கூடத்திற்கே தாதிமார் வருகிறார்கள். இவற்றோடு பல் டாக்டர் இருக்கிறார். நம் ஆண் பிள்ளைகளுக்குச் சுன்னத்தும் இருக்கிறது. எனவே, பயத்தை எப்படிக் கையாள்வது என்பது எல்லா வீட்டுக்கும் உரிய கேள்வி.

இந்தப் பயத்தில் ஒரு பங்கை நாமே விதைக்கிறோம். "சோறு தின்னாவிட்டால் டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்வேன்" என்று நோய் தீர்ப்பவரைப் பூச்சாண்டியாக்குகிறோம். பிறகு அதே டாக்டரின் வாசலில் பிள்ளை அலறும்போது அதன்மேல் கோபிக்கிறோம். பிரயாணம் ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை இன்னொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டு அஞ்சினார். அப்போது, ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகுமானதல்ல என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். வளர்ந்த மனிதருக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், நம் மடியில் வளரும் சிசுவுக்கு இல்லாமற் போகுமா?

பொய்யைப் பற்றியும் மார்க்கம் நம்மை இருட்டில் விடவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்களின் வீட்டில் அமர்ந்திருந்தபோது, தாயார் சிறுவராயிருந்த அவரை, "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன கொடுக்க எண்ணினாய் என்று நாயகம் கேட்டார்கள். பேரீச்சம் பழம் என்றார் அத்தாய். நீ ஒன்றும் கொடாதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நாயகம். அபூதாவூதில் பதிவான செய்தி இது. குழந்தைதானே என்ற சலுகை பொய்க்கு இல்லை என்பது இதனால் விளங்குகிறது.

"பகைத்த இருவரைச் சேர்த்து வைக்கக் கூடுதல் குறைவாகச் சொல்ல அனுமதி உண்டே, பிள்ளையின் பயத்தைப் போக்கச் சொன்னால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே சொல் பிளவை ஆற்றுகிறது. இங்கேயோ பிளவை உண்டாக்குகிறது. வலிக்காது என்ற சொல்லின் ஆயுள் ஊசி தைக்கும்வரையில்தான். அடுத்த முறை, "இன்றைக்கு ஊசி இல்லை, நெஞ்சைத்தான் பார்ப்பார்" என்று நாம் மெய்யாகவே சொன்னாலும் பிள்ளை நம்பாது. பயம் ஒன்றாக இருந்தது, அவநம்பிக்கையும் சேர்ந்து இரண்டாகிவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் முன்கூட்டியே கொட்டிவிட வேண்டுமா? அதுவும் அல்ல. மூன்று வயதுப் பிள்ளையிடம் மூன்று நாட்களுக்கு முன்பே சொல்லித் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. அன்று காலையில் சொன்னால் போதும். சமயம் பார்த்துச் சொல்வது விவேகம். இல்லாததைச் சொல்வதுதான் பொய்.

இதற்கு இப்ராஹீம் நபி (அலை) அவர்களைவிடச் சிறந்த முன்மாதிரி எங்கே தேடுவோம்? மகனைப் பலியிடுவதாகக் கண்ட கனவை அவர்கள் மறைக்கவில்லை. ஏதோ சொல்லி ஏமாற்றி அழைத்துப் போகவும் இல்லை. கண்டதை மகனிடமே சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளையின் பொறுமை அந்தக் கேள்விக்குப் பின்னர்தான் வெளிப்பட்டது. நாமோ, "ஐஸ்கிரீம் வாங்கப் போகிறோம்" என்று சொல்லி மகனைச் சுன்னத்துக்கு அழைத்துப் போகிறோம். மார்க்கத்தின் ஒரு கடமை அவன் உடலில் நிறைவேறும் நாளில் வஞ்சகத்தையா அவனுக்கு முதல் பாடமாக்குவது?

உலகச் சுகாதார நிறுவனமும் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி 2015-இல் தந்த அறிவுரையில், பொய்யான ஆறுதல் வார்த்தைகளை விலக்கச் சொல்கிறது. பெற்றோர் உடனிருக்கட்டும், சிறு பிள்ளையை மடியில் அணைத்திருக்கட்டும், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டட்டும் என்கிறது. இவற்றுக்குக் காசு செலவில்லை. "கொஞ்சம் வலிக்கலாம், நான் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன், பிஸ்மி சொல்லிக்கொள்வோம்" என்று சொல்லலாம். எந்தக் கையில் போடலாம் என்று பிள்ளையையே கேட்கலாம். பரிசு தருவதாகச் சொன்னால் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். அழுதால், "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று கேலி செய்யலாகாது. தம் மகனார் இப்ராஹீம் மறைந்தபோது நாயகத்தின் திருக்கண்களே நீர் சொரிந்தன. பயமின்மைக்குப் பெயர் தைரியம் அல்ல. பயந்துகொண்டே கையை நீட்டுகிறதே பிள்ளை, அதுதான் தைரியம்.

சகோதர சகோதரிகளே! இது ஓர் ஊசியோடு முடிகிற காரியமன்று. இன்று நம் சொல்லை நம்பக் கற்ற பிள்ளைதான், பதினைந்து வயதில் மனக்கலக்கம் வரும்போது நம்மிடம் வாய் திறக்கும். காலம் திரும்பும், நாம் தளர்ந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு நாளில், அதே பிள்ளை டாக்டருக்கும் நமக்கும் நடுவே நிற்கும். "எனக்கு என்ன நோய், வாப்பா?" என்று நாம் கேட்போம். அப்போது அவன் மெய் சொல்வானா, "ஒன்றுமில்லை" என்று மழுப்புவானா என்பது, இன்று நாம் கற்றுக்கொடுப்பதைப் பொறுத்திருக்கிறது.

உண்மை பேசும் நாவையும், அதைக் கனிவாகப் பேசும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.