தூரத்தை அளப்பவர் யார்?

திருகோணமலையிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? தேசப்படத்தின்மேல் அளவுகோலை வைத்தால் ஏறத்தாழ 510 கிலோமீற்றர் என்று விடை வரும். கொழும்பிலிருந்து சென்னைக்கோ ஏறத்தாழ 690. ஆகவே தலைநகரைவிட நமது துறைமுக நகரே சென்னைக்கு அண்மையில் உள்ளது. ஆகாய விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகப் பறந்தால் போதும். கணக்கு இத்துடன் முடிந்துவிடுகிறது. கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

வடக்கே இருக்கும் சென்னைக்குச் செல்ல விரும்பும் திருகோணமலைவாசி வழக்கமாக முதலில் தென்மேற்கே கொழும்பை நோக்கிப் புறப்படுகிறான். தரைவழியே 260 கிலோமீற்றர்; பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். அதன்பின் காத்திருப்பு, அதன்பின் ஒன்றேகால் மணி நேர விமானப் பயணம். இயற்கை அண்மையில் வைத்ததைச் சமுதாய ஏற்பாடு தொலைவுக்குத் தள்ளிவிட்டது.

விமானத்தளம் இல்லாமையா இதற்குக் காரணம்? இல்லை. பிரித்தானியர் காலத்திலேயே சீனக்குடாவில் போர் விமானத்தளம் எழுந்தது. கப்பற்படைக்கென மாபெரும் எண்ணெய்த் தாங்கிகளும் எழுந்தன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் துறைமுகத்தையும் அத்தளத்தையும் தாக்கின. வல்லரசுகள் திருகோணமலையின் தூரத்தை நுட்பமாகவே அளந்து வைத்திருந்தன. அவ்வளவையில் இடம்பெறாதவர் இங்கு வாழும் மக்களே.

1990இல் மீண்டும் போர் மூண்டபோது இம்மாவட்டத்து மக்கள் பலர் மன்னார்க் கரைவரை அலைந்து, படகேறி இராமேஸ்வரம் சேர்ந்தனர். அவர்கள் கடந்த தூரத்தை எந்த விமான அட்டவணையில் தேடுவது? ஒரு மணி நேரம் என்ற எண் பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் உடையவனுக்கே பொருந்தும். அவை இல்லாதவனுக்கு அது வெறும் எண்.

விமானம் ஏறுவோர் சிலர்தானே, அவர்களுடைய நேரத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே விமானத்தை விட்டுக் கொட்டியாரக் குடாவின் கரைக்கு வருவோம். கிண்ணியாவையும் திருகோணமலையையும் பிரித்த நீர்ப்பரப்பின்மேல் ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், புதிய பாலத்துக்காகப் பழையது அகற்றப்பட்டிருந்த இடத்தில், ‘பாதை’ என்று மக்கள் அழைக்கும் மிதவையே போக்குவரத்தாக இருந்தது. 2021 நவம்பர் 23 அன்று அது கவிழ்ந்தது. பள்ளி மாணவர் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் மாண்டனர். கடல் கடந்து அயல்நாடு செல்ல ஒரு மணி நேரம் போதும் என்று விஞ்ஞானம் பெருமைப்படும் காலத்தில், அக்குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாத் தொலைவாயிற்று.

விஞ்ஞானத்தை நாம் பழிக்கவில்லை. மனித உழைப்பின் மகத்தான சாதனை அது. ஆனால் தூரத்தைச் சுருக்கும் ஆற்றல் எவர் கையில் இருக்கிறதோ, எவருடைய தூரம் முதலில் சுருங்கவேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவரே. இது பொறியியற் பிரச்சினை மட்டுமன்று, அறப் பிரச்சினையுமாகும். ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அதன் அதிவேக விமானத்தைக் கொண்டு அளத்தல் ஆகாது. கடைசியாகக் கரை சேரும் குழந்தையைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

பூகோள வகுப்பில் இரு நகரங்களுக்கிடையே எவ்வளவு தூரம் என்று கேட்கும் ஆசிரியர், “யாருக்கு?” என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்பாராக.