அக்காவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

டார்க் ரொமான்ஸ் நாவல் படிக்கிறவர்களுக்கு அதன் சூத்திரம் மனப்பாடம். அவனுக்கு ஒரு பெரிய இழப்பு இருக்கும். அம்மா செத்திருப்பாள், அல்லது முதல் காதலி. துக்கம் குடியாகவோ மாத்திரையாகவோ மாறும். எல்லோரும் ஒதுங்கிப்போன பிறகு ஒருத்தி மட்டும் கிட்ட வருவாள். அவன் அவளைக் காயப்படுத்துவான், அவள் போகமாட்டாள். முந்நூறாவது பக்கம் வாக்கில் திருந்திவிடுவான். இதையெல்லாம் படிக்கிற பெண்களை இளக்காரமாகப் பேசுவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. இந்தச் சூத்திரம் நமக்குக் கிண்டில் வழியாக வந்ததும் இல்லை. திருவண்ணாமலையில் ஒரு கோபுரத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லிவரும் கதை இது.

பெரிய கோயிலின் வல்லாள மகாராஜா கோபுரம். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் இதன் மேலிருந்துதான் குதித்தார் என்பார்கள். பெண்பித்து. சொத்து கரைந்தது, உடம்பில் நோய் ஏறியது. அவரை வளர்த்தது அக்கா. அவள் கையிலிருந்ததெல்லாம் தீர்ந்த பிறகும் தம்பி வந்து காசு கேட்டு நிற்கிறான். அப்போது அவள் சொல்கிறாள்: உனக்கு வேண்டியது ஒரு பெண்ணுடம்புதானே, இதோ நான் இருக்கிறேன். அவன் ஓடிப்போய்க் குதிக்கிறான், முருகன் தாங்கிப் பிடிக்கிறான், திருப்புகழ் பிறக்கிறது. செவிவழிக் கதைதான். ஆனால் 1964இல் டி.எம்.சௌந்தரராஜனே அருணகிரியாக நடித்துப் படமாக வரும் அளவுக்கு வேர்பிடித்த கதை.

அக்காவுக்கு அப்புறம் என்ன ஆச்சு? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு வாக்கியத்தோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது.

அந்த வாக்கியத்தை அன்பின் உச்சம், தியாகம் என்றெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது அவளுடைய முதல் மறுப்பாகப் படுகிறது. இத்தனை வருஷம் கொடுத்த கணக்கை அவள் அவன் முன்னால் விரித்துப் போடுகிறாள்: பாக்கி இருப்பது இவ்வளவுதான், இதையும் எடுத்துக்கொள்வாயா? அவனுக்கு வெட்கம் மிச்சமிருந்தது, அதனால் உறைத்தது. வெட்கமும் தீர்ந்துபோனவனாக இருந்தால்? அல்லது முருகன் அன்றைக்கு வராமல் போயிருந்தால்? தன் ஒரு சொல்லால் தம்பியைக் கொன்றவள் என்று ஊர் அவளைத்தான் சொல்லியிருக்கும்.

குடிக்கிற ஒருவர் இருக்கிற வீட்டில் இந்தப் பயம் தினசரி விஷயம். "நாம ஏதாவது சொல்லி, அவன் ஏதாவது பண்ணிக்கிட்டா?" இந்தக் கேள்விக்குப் பயந்துதான் டாஸ்மாக்குக்குப் போக அம்மாவே காசு எடுத்துக் கொடுக்கிறாள். அதை அன்பு என்கிறோம். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் ஒருவன் தன்னை அழித்துக்கொள்ளச் செலவுக்குக் கொடுப்பதும் அன்பின் கடமையில் சேருமா?

அந்தக் கோபுரத்துக்குப் பெயர் தந்த அரசனின் கதையும் இதே இடத்தில்தான் போய் நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையிலிருந்து ஆண்ட ஹொய்சள அரசன் மூன்றாம் வீர வல்லாளன் அவன். கேட்டதை இல்லையென்று சொல்லாதவன், பிள்ளையில்லாதவன். அருணாசல புராணத்தில் சிவன் அடியாராக வந்து ஒரு கணிகை வேண்டும் என்கிறார். ஒருத்தியும் கிடைக்கவில்லை. வாக்கைக் காப்பாற்ற இளைய ராணி சல்லமாதேவி போகிறாள். அவள் தொட்டதும் சிவன் குழந்தையாகி மறைகிறார். மகனாக வந்ததால், அரசன் இறந்த பிறகு வருஷாவருஷம் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய்த் திதி கொடுக்கிறார், இன்றைக்கும். துக்கத்துக்கு ஒரு நாள், ஒரு ஆறு, பிறகு வீடு திரும்புதல். இந்த ஏற்பாட்டை எனக்கு ரொம்பவும் பிடிக்கும். ஆனால் ராணி? அக்காவைப் போலவே அவளும் யாரோ ஒருவருடைய ஆசைக்கு முன்னால் நிறுத்தப்பட்டவள். இரண்டு கதையிலும் சரியாக அந்த நொடியில் அற்புதம் நடந்துவிடுகிறது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடம் நமக்கு மிச்சம்.

அற்புதம் நடக்காத வீட்டில் என்ன செய்வது? சாந்தி ரங்கநாதனின் கணவர் இளவயதிலேயே குடிநோயால் இறந்தார். 1980இல் அவர் சென்னையில் அடிமைநோய்ச் சிகிச்சைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்; டி.டி.கே. மருத்துவமனை என்று பலருக்குத் தெரியும். அங்கே குடிப்பவரோடு சேர்த்துக் குடும்பத்தாருக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் உண்டு. கூட இருந்தவளுக்கும் நோய் உண்டு, அவளும் தேற வேண்டியவள் என்று ஒத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. அருணகிரியின் அக்காவிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

நாவலிலும் ஒருத்தி இதைச் செய்து பார்த்திருக்கிறாள். இங்கிலாந்தில் ஆன் ப்ராண்டேயின் அண்ணன் பிரான்வெல், காதல் விவகாரத்தில் 1845இல் வேலை போய் வீடு திரும்பினான். குடி, அபின், புலம்பல். மூன்று சகோதரிகள் அதே வீட்டில் இருந்து அதைப் பார்த்தார்கள். 1848 செப்டம்பரில், 31 வயதில் இறந்தான். அதற்குச் சில மாதம் முன்புதான் ஆனின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' வெளிவந்தது. என் அன்பால் இவனைத் திருத்திவிடுவேன் என்று நம்பி ஹெலன் ஒரு குடிகாரனைக் கட்டிக்கொள்கிறாள். டார்க் ரொமான்ஸ் முடிகிற இடத்தில் இந்த நாவல் ஆரம்பிக்கிறது என்று சொல்லலாம். அவன் திருந்துவதில்லை. சின்னப் பையனுக்கே குடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். அவள் பையனைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள். ஆன் இறந்த பிறகு அக்கா சார்லட், இப்படி ஒரு விஷயத்தை எழுத எடுத்ததே தவறு என்று எழுதினாள். தம்பி சமாசாரம் வெளியே வந்ததில் அவளுக்கு வலித்திருக்கலாம், பாவம்.

போனவள் திரும்பியும் வருகிறாள் என்பதுதான் எனக்கு முக்கியம். புருஷன் படுக்கையில் விழுந்தான், பார்க்க ஆளில்லை என்று தெரிந்ததும் வருகிறாள். அவனுக்கு மருந்து கொடுக்கிறாள், ராத்திரியெல்லாம் கண்விழிக்கிறாள், சாகும்போது பக்கத்தில் இருக்கிறாள். ஆனால் பையனை அவன் கண்ணில் காட்டுவதற்கு முன்னால், பிள்ளை தன் பொறுப்பில்தான் இருப்பான் என்று காகிதத்தில் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறாள்.